கெடா போட்ட கடைசி கோல்

உலகத்தில் கால்பந்து ஆடினவங்க எத்தனையோ பேர். அவங்களில் காலை நம்பாத ஒரே ஆள் எங்க சித்தூர் கெடாதான். பந்து தரையில் உருண்டு வந்தாலும் ஆட்டுக்கெடா மாதிரி குனிஞ்சு தலையால முட்டத்தான் பார்ப்பான். அதனால்தான் அந்தப் பேர். பெத்தவங்க வெச்ச பேர் எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

நான் அஞ்சாம் கிளாஸோட நின்னவள். மைதானத்து ஓரம் அவிச்ச வேர்க்கடலை வித்தேன். கூவ வாய் வராது. வாசனை பிடிச்சு வர்றவங்களோட சரி. பொம்பளை ஆட்டம் பார்க்கிறாள்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு கூடையைப் பார்க்கிற மாதிரியே ஆட்டத்தைப் பார்ப்பேன். பந்து யார்கிட்ட இருந்தாலும் என் கண்ணு கெடா மேலதான்.

அவன் பால் ஃபேக்டரியில் டெம்பரரி. ஃபேக்டரி டீமுக்கு ஆடினதால் ஒட்டிக்கினு இருந்தான். கப் ஜெயிச்சா பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டில் படுத்த படுக்கையா அவன் அப்பா; நைனான்னுதான் கூப்பிடுவான். அந்த வேலை நிலைச்சாத்தான் அவருக்கு மருந்தும் கஞ்சியும்.

ஒரு வருஷம் கோல் கோலாப் போட்டுத் தள்ளினான். தோளில் தூக்கிக்கினு பஜார் பூரா சுத்தினாங்க. அடுத்த வருஷம் எங்க கீப்பருக்கே பந்தைத் தரேன்னு முட்டினான்; நேரா எங்க வலைக்குள்ளேயே போச்சு.

"டேய் கெடா, எந்தப் பக்கம்டா புல்லு துன்றே?"ன்னு கத்தினாங்க. டீமை விட்டே தூக்கிட்டாங்க. அவன் இல்லாத அந்த மாசங்களில் கடலைக்கு உப்புப் போடக்கூட எனக்கு மறந்துபோகும். வேற ஆள் கிடைக்காம, தூக்கினவங்களே திரும்பக் கூட்டிக்கினு வந்தாங்க.

அப்புறம் வந்தது ஃபைனல், திருப்பதி டீமோட. ஆட்டம் முடியற நேரம். பந்து உயரமா வந்தது. கும்பலில் கெடா எகிறினான். கோல்! ரெஃப்ரி விசில் ஊதிட்டார். மேனேஜர் அங்கேயே, "வந்து பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கோடா!"ன்னார்.

திருப்பதி கேப்டன் ஓடி வந்தான். "ஏய், கை ரா அது! தலைன்னு காணிப்பாக்கத்தில் சத்தியம் பண்ணுவியா?"

வேற ஊரா இருந்தா கம்ப்ளைன்ட் எழுதியிருப்பாங்க. எங்க பக்கம் அப்படி இல்லை. காணிப்பாக்கம் குளத்தில் முழுகி, ஈரத்துணியோட பிள்ளையார் முன்னாடி சொன்னா அதுதான் தீர்ப்பு. ரெஃப்ரி எல்லாம் அதுக்குக் கீழே.

"பண்றேன்"னான் கெடா.

"வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்ல படுடா!" எங்க கேப்டன் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். கேட்கலை.

திருவிழாவுக்குப் போற மாதிரி ரெண்டு டீமும் பஸ்ஸில் கிளம்பினாங்க. அங்கே கடலை நல்லா விக்கும்னு வீட்டில் சொல்லிட்டு நானும் பின்னாடியே போனேன். கெடா தண்ணி சொட்டச் சொட்ட நின்னான்.

"சாமி, தலையில்தான் பட்டுச்சு."

எங்க ஆளுங்க மூச்சு விட்டாங்க.

"அதுக்கு முன்னாடி கையில் பட்டுச்சு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கினான். "கையிலதான் நல்லா பட்டுச்சு."

திருப்பதி கேப்டனே பாவமாப் பார்த்தான். "நான் சும்மா கேட்டேன் ரா. நெஜமாவே வந்துட்டியே!"

கள்ள கோல்னு முடிவாகி கப் திருப்பதிக்குப் போச்சு. ஆர்டர் வரலை, இருந்த வேலையும் போச்சு. "சாமிக்கு நெஜம் சொல்லிட்டே. என் கஞ்சிக்கு என்னடா சொல்றே?"ன்னு நைனா கேட்டாராம். அந்த வருஷம் தாண்டலை அவர்.

கொஞ்ச வருஷத்தில் ஃபேக்டரியையே மூடிட்டாங்க. பர்மனென்ட் ஆனவங்களும் பெங்களூர், மெட்ராஸ்னு பிழைக்கப் போனாங்க. டீமும் கலைஞ்சுபோச்சு. கெடா பலமனேரில் தக்காளி லோடு ஏத்தினான். பெங்களூர் கம்பெனி ஒண்ணு ஆடக் கூப்பிட்டதுன்னு லாரிக்காரங்க சொன்னப்போ தெருவுக்கே கடலையைச் சும்மா கொடுத்தேன். வயசாயிடுச்சுன்னு சீக்கிரமே திருப்பி அனுப்பிட்டாங்க.

போன மாசம், சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியா இருக்கான்னு கேள்விப்பட்டுப் போனேன். முட்டி முட்டிக் கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சாம். பீரோவை நகர்த்தற மாதிரி உடம்பு மொத்தமும் திரும்பினாத்தான் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறது தெரியும்.

"யாரு வேணும்?"

"சித்தூர் கிரவுண்டுல கடலை வித்தவ."

"கூவாத கடலை அக்காவா!" சிரிச்சான். என்னைத் தெரிஞ்சு வெச்சிருப்பான்னு நான் நினைக்கவே இல்லை.

ஸ்டூலை எனக்குக் கொடுத்துட்டு நின்னான். ரோட்டைப் பார்த்துக்கினே கேட்டான். "அக்கா, அன்னிக்குத் தலைன்னே சொல்லியிருக்கலாமோ? நைனா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு."

என் அஞ்சாம் கிளாஸ் படிப்புக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

"தெரியலப்பா. ஆனா அப்படிச் சொல்லியிருந்தா, உன்னைப் பார்க்க நான் பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன்."

அவன் கண்ணு நிறைஞ்சுபோச்சு. மறைச்சுக்கலாம்னா கழுத்து திரும்பலை. நான்தான் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினேன்.