சைகோனுக்கு ஒத்திகை பார்த்த அக்கா

விமானத்தில் ஏறாமலேயே ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் பலமுறை போய்வந்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து இந்த ஜொகூர் மாநிலத்தில் ரிகர்சல் அக்கா ஒருவர்தான்.

தம்போயில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவர் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். நான் பெட்டிகளின் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எந்தக் காரியமானாலும் அதை முன்கூட்டியே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பல் பிடுங்கப் போவதற்கு முதல் நாள், கேண்டீன் நாற்காலியில் சாய்ந்து சாப்பாட்டு வேளை முழுக்க வாயைப் பிளந்தபடி கிடந்தார். ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. அக்கா அசையவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், முந்தின வாரமே பக்கத்து வீட்டுக்காரர்களை மாப்பிள்ளை வீட்டாராக உட்கார வைத்து, மகளைக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். அக்கா அவர்களோடு ரொம்ப நாள் பேசவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கேண்டீனில் எங்கள் மேசைக்கு வந்து, "எல்லாரும் லீவு போடுங்க லா. ஹோ சி மின் போறோம்" என்றார். செனாயிலிருந்து வியட்நாமுக்கு நேராக விமானம் இருக்கிறதாம், டிக்கெட் மலிவாம், மூன்றே நாளில் போய்த் திரும்பிவிடலாமாம். மேசையில் நாங்கள் மூன்று பேர். பேக்கிங்கில் வேலை செய்யும் சலேத் அக்கா, கணக்குப் பிரிவுக் குமாரி, நான். ஒருவரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. எங்களுக்குத் தெரிந்த வெளிநாடு, பாலத்தைத் தாண்டினால் வரும் சிங்கப்பூர்தான். சலேத் அக்காவுக்குப் புதுப்பெயர் வாயில் நுழையாததால் அன்றே பழைய பெயரான சைகோனுக்கு மாறிக்கொண்டோம். எனக்கு அன்று மத்தியானம் வேலையே ஓடவில்லை. கிழிந்த பெட்டிகளையெல்லாம் சரி என்று அனுப்பினேன்.

ஒத்திகை உடனே தொடங்கியது. சைகோனில் சாலையைத் தாண்டுவதுதான் பெரிய வித்தை என்று அக்கா எங்கோ வீடியோவில் பார்த்திருந்தார். ஆயிரக்கணக்கில் மோட்டார் சைக்கிள் வருமாம், நிற்காதாம், நாம்தான் நடுவே நடக்க வேண்டுமாம். தம்போயில் அதற்கு எங்கே போவது? ஷிப்ட் முடிந்து ஆண்கள் எல்லாரும் மோட்டாரில் வெளியேறும் நேரம் பார்த்து, தொழிற்சாலை கேட்டில் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"ஓடாதீங்க. நிக்காதீங்க. பின்னாலயும் போகாதீங்க. ஒரே வேகத்துல நடங்க. மோட்டார் தானா ஒதுங்கும்."

"ஒதுங்கலன்னா?" என்றாள் குமாரி.

"அது அவன் பிரச்சன லா. நீ நட!"

நடந்தோம். எதிரே மோட்டார்கள் கிறீச்சிட்டன. "அலமாக்! அக்கா, சாகப் போறீங்களா?" என்று யாரோ கத்தினான். சலேத் அக்கா நடுவழியில் நின்று நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் மொத்தத் தொழிற்சாலையும் ஹாரன் அடித்தது.

"சலேத், அங்க போயி ஜெபம் பண்ணக்கூடாது! வீட்டுலயே பண்ணிட்டு வந்துடு!" என்றார் அக்கா.

விமானத்துக்கான ஒத்திகை பஸ்ஸில் நடந்தது. ரெங்கத்தில் சலேத் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் ஏற்றினார். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு துப்பட்டாவை நீட்டி, இடுப்போடு இருக்கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பஸ் நகர்ந்ததும், "இப்ப பிளேன் ஏறுது. காது அடைக்கும். எல்லாரும் எச்சில் முழுங்குங்க" என்றார். கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கினோம். எதிர் இருக்கையில் இருந்த மலாய்ப் பாட்டி ஒருத்தி பதறிப்போய், "சாகிட் கா?" என்று கேட்டு, உடம்புக்கு என்னவோ என்று தைலத்தை எடுத்து எங்கள் நெற்றியில் எல்லாம் தேய்த்துவிட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை எழுந்திருக்க அனுமதி இல்லை. இறங்கியபோது எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. ஆனால் மனசு மட்டும் எங்கேயோ மேகத்துக்கு மேலே இருந்தது.

பேரம் பேசுவதற்குத் தங்காக். அங்கே துணிக்கடைகள் வரிசையாக இருப்பதால் சைகோன் சந்தைக்கு அதுதான் பொருத்தம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரியின் காரில் அத்தனை தூரம் போனோம். "அங்க நம்ம பாஷை அவங்களுக்குத் தெரியாது. வாயத் தெறக்கக் கூடாது. கால்குலேட்டர்லதான் பேசணும்" என்பது உத்தரவு. அக்கா ஒரு சேலையை எடுத்தார். கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டிக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"ஏம்மா, நானும் தமிழ்தான். வாயால சொல்லுங்களேன்" என்றார் கடைக்காரர்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு இன்னோர் எண்ணைத் தட்டினார்.

கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "பாவம், பொறந்ததுல இருந்தே இப்படியா?" என்று கேட்டார். நானும் வாயைத் திறக்கக் கூடாதே, மேலே கையைக் காட்டினேன். அவர் அக்கா கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். வாசலைத் தாண்டியதும் அக்கா, "பாத்தீங்களா, வேல செய்யுது!" என்று கூவ, கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்க, நாங்கள் காரை நோக்கி ஓடினோம்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் பெட்டிகளோடு கூடினோம். பாஸ்போர்ட் என்கிற எங்கள் கடப்பிதழ்களை அவர் ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தார். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதை எங்களுக்குச் சொன்னதே அவர்தான். "ஒன்னோடத காட்டு, போட்டோவுல நீ எப்பிடி இருக்கேன்னு பாப்போம்" என்று சலேத் அக்கா விளையாட்டாகக் கேட்டார். படத்தைப் பார்த்துச் சிரித்தவர், பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்ததும் நிறுத்தினார். ஆறு மாதம் இல்லை. நான்கே மாதம்தான் இருந்தது.

அக்கா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். போர்க்லிப்ட்டில் இருந்து லோரிக்கே உத்தரவு போடுகிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க மூணு பேரும் போங்க" என்றார் மெதுவாக. "எனக்கென்ன? நான்தான் எல்லாத்தையும் பாத்தாச்சுல்ல."

சலேத் அக்காதான் எழுந்து அக்காவின் பெட்டியை மூடினார். "நீ வராம நான் ரெங்கத்துக்குக்கூட போக மாட்டேன். காலையில பாஸ்போர்ட் ஆபீஸ் தெறக்குற நேரத்துக்குப் போ. புதுசு சில மணி நேரத்துலயே குடுத்துடுவாங்க. பிளேன் மத்தியானம்தான?"

மறுநாள் காலை குமாரியும் சலேத் அக்காவும் எல்லாப் பெட்டிகளோடும் நேராக விமான நிலையத்துக்குப் போக, நான் அக்காவோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். அக்கா மலாயில் ஆரம்பித்தார். பாதியில் மலாய் போதாமல் நடித்தே காட்டினார். அலுவலகத்தின் நடுவில் மோட்டார்களுக்கு இடையே நடந்தார், எச்சிலை விழுங்கினார். காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாங்கி உள்ளே எடுத்துப் போனார்.

புதுக் கடப்பிதழ் கைக்கு வந்ததும் டிக்கெட்டில் மாற்றுவதற்காக அதன் எண்ணைக் குமாரிக்கு அனுப்பிவிட்டு வாடகைக் காரில் பாய்ந்தோம். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. "சாந்தி, இது ஒண்ணுக்கு மட்டும் நான் ரிகர்சல் பாக்கல லா" என்றார் அக்கா. பயந்திருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு.

விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரை மூட இருந்தார்கள். மூடவிடாமல் சலேத் அக்கா அங்கே நின்று, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விமானத்தில் தண்ணீர் கொடுப்பீர்களா, சன்னல் திறக்குமா, கொட்டாவி விடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "வந்துட்டாங்க! இனிமே ஒண்ணும் சந்தேகம் இல்ல!" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தது. அக்கா என் பக்கத்து இருக்கையில். முதுகு அப்படியே பின்னால் அழுந்த, செம்பனைத் தோட்டங்கள் சட்டென்று கீழே போயின. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "சாந்தி... இது பஸ் மாதிரியே இல்லடி!" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

இப்போது அக்கா சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார்; பார்ப்பதே அரிது. சைகோன் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் கைப்பேசியை நீட்டுகிறேன். ஆற்றங்கரையில் அக்கா, சந்தையில் அக்கா, நடைபாதையில் குட்டி நாற்காலியில் சூப்போடு அக்கா. ஊர் எங்கே, பெரிய பெரிய கட்டடமெல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். இருக்கும். அக்காவுக்குப் பின்னால்தான் எங்கேயாவது இருக்கும்.