பதினோராவது படி

சனிக்கிழமை மதியச் சங்கு ஊதினால் எங்கள் அட்டைப்பெட்டி ஆலையின் சாப்பாட்டுக் கூடம் வெறிச்சென்று கிடக்கும். நூற்றிருபது பேரும் பசியைத் தள்ளிவைத்துவிட்டு, பொதி கட்டும் கொட்டகையில் குறி சொல்லும் வாக்குக்காரர் முன்னால் நிற்போம். எங்கே, என்ன ஆபத்து என்று அவர் சொல்வார். கட்டணம் ஆளுக்கு அரை நாள் கூலி. ஆபத்து பெரிதென்றால் முழுக் கூலி.

அவர் தன் பைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். மூக்கை உறிஞ்சுவார்.

"வெட்டு மெஷின் பக்கத்துல ஒரு கம்பி தோலுரிஞ்சு கிடக்கு. நெருப்பு தெரியுது!"

ஓடிப்போய்ப் பார்த்தால் மின்கம்பி உரிந்து கிடக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். அந்தக் கம்பியை ஆறு மாதமாகத் தாண்டித் தாண்டி நடந்தவர்கள் நாங்கள்தான். ஆனால் கொட்டகையைத் தாண்டி உள்ளே வராத மனிதர் சொல்லிவிட்டாரே, அதல்லவா அதிசயம்! கம்பியை யாரும் மாற்றவில்லை. அவர் மந்திரித்துக் கொடுத்த கயிற்றை அதில் கட்டினோம். கயிறு கருகியது.

"பாத்தீங்களா? உங்களுக்கு வர வேண்டியதக் கயிறு வாங்கிக்கிச்சு!" என்றார். கருகிய கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு வாங்கினோம்.

ஒரு சனிக்கிழமை வாக்கு என் அக்கா தலையில் விழுந்தது. மூன்றாம் கூடத்தில் அட்டைகளைச் சுமந்து ஓடும் பெல்ட் வாரின் அருகே நின்று பெட்டி மடிப்பவள் அவள். இரண்டு பிள்ளைகளும் அவள் கூலியில்தான் படிக்கிறார்கள்.

"மூணாம் கூடத்து வாருக்குப் பல் முளைச்சிருக்கு. சட்டைக் கையைக் கடிச்சாச்சு, அடுத்தது விரல். அங்க நிக்கிற பொம்பளைக்குக் கிரகம் சரியில்ல. அவளை அனுப்பிட்டா வார் அடங்கிடும்."

முதலாளி பக்தியோடு தலையாட்டினார். வார் சுற்றும் உருளைக்கு மூடி கிடையாது. மூடி போடக் காசு வேண்டும். ஆளை அனுப்ப வாய் போதும். அடுத்த சனிக்கிழமையோடு அவளுக்குக் கணக்கு முடிப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த அக்கா காலை நீட்டி உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னக்கா, வேலையே போகுது, சிரிக்கிறே?"

"டேய், 'வாருக்குப் பல் முளைச்சிருக்கு, சட்டைக் கையைக் கடிச்சாச்சு'ன்னு முதல்ல சொன்னது யாரு தெரியுமா? நான்தான். மூணு தடவை எழுதி ஆபத்துப் பெட்டியில போட்டேன். எழுத்து மாறாம அப்படியே ஒப்பிக்கிறான்."

ஆலை வாசலில் தொங்கும் பூட்டிய தகரப் பெட்டிதான் ஆபத்துப் பெட்டி. கண்ணில் படும் ஆபத்தை யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். மேனேஜர் படித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அவரோ அதன் சாவியைப் பியூனிடம் கொடுத்து நாலு வருடமாகிறது. பியூன் வாக்குக்காரரின் மச்சான்.

"சொன்னா எவனும் நம்ப மாட்டான். சோதிச்சுக் காட்டணும். என் எழுத்து அவனுக்குப் பழக்கம். நீ எழுது."

நாற்பது வயதுக்குமேல் எழுதப் பழகியவன் நான். அவள் சொல்லச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: 'பசைக் கிடங்கு மாடிப்படியில் பதினோராவது படி ஆடுகிறது. விழுந்து சாகப் போகிறார்கள்.'

பசை நாற்றம் ஆகாத பியூன் அந்தக் கிடங்குப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை முதலாளிக்கு நாற்காலி போட்டார்கள். வாக்குக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"பசைக் கிடங்கு... மாடிப்படி... ஒண்ணு, ரெண்டு... ஐயோ, பதினோராவது படி ஆடுதே! ஒரு உயிர் விழப்போகுதே!"

கூட்டம் பதறியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் பசைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"பன்னெண்டு வருஷமா அங்கதாங்க கிடக்கிறேன். மாடியே இல்லீங்களே. படிக்கு எங்க போவேன்?"

"அது... கண்ணுக்குத் தெரியாத படி!"

"அப்ப ஏறிக் காட்டுங்க ஐயா," என்றாள் அக்கா. "பத்தாவது படியோட நின்னுக்குங்க. உங்க உயிராச்சே."

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. முதலாளிக்கே வாய் கோணியது.

"அந்தப் படி என் தம்பி எழுதின சீட்டுல மட்டும்தான் இருக்கு. ஐயாவோட பையைப் பாருங்க."

வாக்குக்காரர் பையை மச்சான் பக்கம் தள்ளினார். மச்சான் திருப்பித் தள்ளினான். "எனக்கென்ன தெரியும் மாமா, நீங்கதானே தினம் கேட்டீங்க!" இந்த இழுபறியில் பை கவிழ்ந்தது. சீட்டுகள் சிதறின. என் கோணல் எழுத்து மேலேயே கிடந்தது. உரிந்த கம்பி, அக்காவின் வார், ஒழுகும் பசைக் குழாய் என எல்லா ஆபத்தும் எங்கள் கையெழுத்திலேயே கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்த முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். வாக்குக்காரர் வாசலைப் பார்த்தார். கயிறு வாங்கியவர்கள் அங்கே வழிமறித்து நின்றார்கள்.

திங்கட்கிழமை உருளைக்கு இரும்பு வலை மூடி வந்தது. அக்கா அதே இடத்தில் நின்று பெட்டி மடிக்கிறாள். கம்பியும் மாறியது. பெட்டிச் சாவியை நாங்களே முறைவைத்து வைத்துக்கொள்கிறோம். சீட்டை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கிறோம்.

நாங்கள் எழுதியதை எங்களுக்கே படித்துக்காட்டியவனுக்குக் கூலியைக் கொட்டினோம். அதைப் படிக்கச் சம்பளம் வாங்கியவரிடம், "ஏன்யா படிக்கவில்லை?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ!