கெட்ட எண்ணத்துக்கு நாற்காலி போட்டவர்

பினாங்குத் தீவிலேயே கெட்ட எண்ணங்களை "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையோடு வரவேற்ற ஒரே மனிதர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் கேண்டீனில் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரையும் கேட்கலாம்.

எண்பதுகளில் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு சிப்புகளில் கீறல் தேடுவது என் வேலை. நான் நல்லது என்று விட்டதை மறுபடி பார்த்துத் தள்ளுபடி செய்வது அவர் வேலை. பெயர் அப்படித்தான் வந்தது. ஐம்பது வயது, கல்யாணமாகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா இருக்கும், ஒன்றும் எழுதாது.

அவருக்கு ஞானம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கிய, ஆழ்மனம் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். அதில் முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் கிடையாது. ஆகவே மனசுக்குக் கோளாறு எப்படி வருகிறது என்றும் அவருக்குத் தெரியாது, எப்படிப் போகிறது என்றும் தெரியாது. நடுவில் நடப்பதெல்லாம் மனப்பாடம். இன்னொன்று, தண்ணீர்மலைப் பக்கம் இருந்த ஒரு சாமியார். அவர் ஆறு வருஷமாக மௌன விரதம். "சாமி சொன்னாரு" என்று அண்ணன் ஆரம்பித்தால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம்.

"ஃபேக்டரியில ரிஜெக்ட் பண்ணலாம் தங்கச்சி. மனசுல வந்த எண்ணத்த ரிஜெக்ட் பண்ணா, பழுது பாக்க ரிவொர்க்குக்குப் போயி திரும்பி உன் மேசைக்கே வரும் லா. அதனால வந்தவர உக்கார வச்சிரு. கொஞ்ச நேரத்துல போரடிச்சு அவரே போயிடுவாரு" என்பார்.

கேண்டீனில் அப்படித்தான் ஒரு நாள் தட்டோடு நின்றவர், "வாங்க, உக்காருங்க" என்றார். எதிரே வந்த மேனேஜர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று உட்கார்ந்துவிட்டார்.

"உங்கள இல்ல சார். உங்க தட்டுல துப்பணும்னு ஒரு எண்ணம் வந்துச்சு. அவர உக்காரச் சொன்னேன்."

மேனேஜர் எழுந்து போய் அவருக்கு இரண்டு நாள் மெடிக்கல் லீவு எழுதினார். லீவு முடிந்து வந்ததும், எண்ணம் லீவில் போகவில்லை என்று அண்ணன் பொறுப்பாக ரிப்போர்ட் செய்தார்.

தைப்பூசத்தில் இன்னும் மோசம். ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும்போது, பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டித் தலைவரின் வழுக்கைத் தலை கண்ணில் பட்டது. கையில் தேங்காய். என்ன எண்ணம் வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அதை மனசோடு வைத்துக்கொள்ளாமல், தலைவரிடமே பணிவாகத் தெரிவித்தார். அடுத்த வருஷம் தலைவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு ரதத்தை வரவேற்றார்.

இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். என் சிரிப்பு மகள் பிறந்ததோடு நின்றது.

கெலுகோரில் எங்கள் ஃப்ளாட் நான்காவது மாடி. குழந்தைக்கு மூன்று மாதம். ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் போனபோது, 'கீழே போட்டுவிடு' என்று ஓர் எண்ணம் வந்தது. அவளைத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு எட்டிப்போய் நின்றேன். அன்றிலிருந்து குழந்தையைத் தூக்குவதை நிறுத்தினேன். காரணத்தை யாரிடம் சொல்வது? இவளுக்குப் பிள்ளைப் பாசமே இல்லை என்று மாமியார் முடிவுகட்டினார். குழந்தையை நிபோங் திபாலில் இருக்கும் நாத்தனார் வளர்க்கட்டும் என்று பேச்சாகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோவதாக நாளும் குறித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரி பஸ்ஸில் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "யாரு வந்திருக்கா?" என்றார். அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "போடணும்னு நெனைக்கிறவளுக்குப் பயம் வராது தங்கச்சி. உனக்கு உசிரா இருக்கிறது எதுவோ, அத தொட்டுத்தான் அவரு பயமுறுத்துவாரு" என்றார். சாமி சொன்னதாகச் சொல்லவில்லை. அதனாலேயே நம்பலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். குழந்தையைத் தூக்க வேண்டும் என்று கேட்டார். மாமியார் சந்தோஷமாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நேராகச் சன்னலுக்குப் போனார்.

"தூக்கிப் போடணும்னு தோணுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "வாங்க, உக்காருங்க."

என் மாமியார் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. குழந்தையைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற என் கையில் திணித்தார்.

"ஒம் புள்ளைய நீயே வச்சுக்கம்மா! யாரையும் நம்ப முடியல. நிபோங் திபாலுக்கும் வேணாம், அங்க எவன் எவன் வந்து தூக்குவானோ!"

அந்த எண்ணம் என்னிடமும் வந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தது. குழந்தை என் தோளில் தூங்கிப்போனாள்.

அதற்குள் அண்ணனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டுமே என்று குழந்தையோடு பின்னாலேயே இறங்கினேன். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே?"

"எங்க அக்கா மவன் பொறந்தப்ப எனக்கும் இதேதான் வந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் புள்ளையையும் தொட்டதில்ல. கல்யாணமும் வேணான்னுட்டேன். இருவத்திரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் தூக்குனேன்."

குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.

"பயமா இருக்கு தங்கச்சி."

"எனக்கும்தான் அண்ணே. புடிங்க."

பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து மாமியார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு ரிஜெக்ட் அண்ணன் மடியில்தான் என் மகளை வைத்திருப்பேன்.