விரைவில் வெளிவரும் மனிதர்

முன்னோட்டக்காரர் என்ற இனத்தை நான் முதன்முதலில் சந்தித்தது ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்த ‘கைப்பேசியிலேயே குறும்படம்’ என்ற இலவச வகுப்பில். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பட்டம் வாங்கிய முதல் ஆள் என்கிற மிடுக்கோடு கெப்பாலா பத்தாஸில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்துக் கடல் தாண்டி, வியர்வை காயுமுன் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் கை நீட்டினார்.

“ஜோனத்தன். டைரக்டர்.”

“என்ன படம் அண்ணே பண்ணிருக்கீங்க?”

“டீசர் பாக்குறீங்களா தம்பி?”

பார்த்தேன். இடி இடித்தது, கடல் பொங்கியது, ஒரு கண் திறந்தது, தங்க எழுத்தில் ‘விரைவில்’ என்று வந்து நின்றது. புல்லரித்துப்போய், படம் எப்போது வருகிறது என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அது மூன்று வருடத்துக்கு முந்தைய டீசராம்.

வாசகரே, இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கதை பிறக்கும் முன்பே தலைப்புக்கு எழுத்துரு தேடி, எழுத்துரு கிடைக்கும் முன்பே நிறுவனத்துக்கு இலச்சினை வரைந்து, அந்த இலச்சினை சுழன்று சுழன்று நெருப்புக் கக்குவதற்காக ஒரு மாதம் தூக்கம் கெட்டு, ‘முக்கிய அறிவிப்பு வெள்ளிக்கிழமை’ என்று திங்கட்கிழமை அறிவித்து, வெள்ளிக்கிழமை ‘அறிவிப்புத் தேதி மாற்றம்’ என்று இன்னொரு சுவரொட்டி விட்டு, அதற்கு வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் தனித்தனியாகக் கைகூப்பி முடிப்பதற்குள் அடுத்த படத்துக்கு யோசனை வந்துவிடும். படம் எங்கே? கேட்கக்கூடாது. பொறாமைக்காரர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

“கண்டென்ட் ரெடி லா, எடுக்கிறதுதான் பாக்கி” என்பது இவர்களுடைய நிரந்தர வாக்கியம். சோறு ரெடி, உலை வைப்பதுதான் பாக்கி என்று உங்கள் வீட்டில் ஒருநாள் சொல்லிப் பாருங்கள். “ஒரு கொலாப் பண்ணலாம்” என்பது இவர்களுடைய வணக்கம். கொலாப் என்றால் கூட்டு முயற்சி. நீங்கள் முயற்சி செய்வீர்கள், அவர் கூட்டு.

வகுப்பை நடத்திய ஷாஹிரா அக்கா, சந்துக்குள் ஒரு கலை இரவு ஏற்பாடு செய்திருந்தார். பழைய கட்டடத்தின் வெள்ளைச் சுவர்தான் திரை. அதில் தமிழ்க் குறும்படத்துக்குப் பத்து நிமிடம். டீசரைப் பார்த்து அவரும் புல்லரித்தாரோ என்னவோ, அந்தப் பத்து நிமிடத்தை ஜோனத்தன் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார்.

“டீசர் கீசர் கொண்டாந்தீங்க, புரொஜெக்டர ஆஃப் பண்ணிருவேன். சொல்லிட்டேன்.”

“அக்கா, கண்டென்ட் ரெடி லா.”

நடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் எங்கள் வகுப்புத் தோழி தனுஜா. சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு ஷாஹிரா அக்காவின் நாடகக் குழுவில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அப்பா நல்லமுத்து ஒரே பிடியாக நின்றார்: “நடிக்கிறேன் நடிக்கிறேங்கிற. ஒருவாட்டி என் கண்ணால பாக்கறேன். அப்பறம் பேசு.” ஆக, அந்தப் பத்து நிமிடம் ஜோனத்தன் அண்ணனுக்கு விளம்பரம். தனுஜாவுக்கு அதுதான் சனிக்கிழமை.

படப்பிடிப்பு ஞாயிறு காலை, அதே சந்தில். சிங்கப்பூர் போன அண்ணனின் மோட்டர் சைக்கிளை விற்றுவிட்ட தங்கை, அதைத் தொலைபேசியில் அவனிடம் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே தொடங்கி அழுகையில் முடியும் காட்சி. வெயிலைத் திருப்பி அவள் முகத்தில் அடிக்க, கார் கண்ணாடிக்குப் போடும் வெள்ளித் தகட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மற்றவர்கள்? உதவி இயக்குநர், இணை இயக்குநர், இணைக்கு உதவி எல்லாரும் கைப்பேசியை உயர்த்தி, ‘கேமராவுக்குப் பின்னால்’ என்ற தலைப்பில் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆக்‌ஷன்” என்றார் அண்ணன்.

தனுஜா நடித்தாள். எதிர்க் கடையில் கோப்பி கலக்கியவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் ஒருவர் கைதட்ட, சந்தே கைதட்டியது.

“போடுங்கண்ணே, பாப்போம்” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அண்ணன் போட்டார். அருமையான படம். தரையிலிருந்து மேல்நோக்கிய கோணம், இசைகூடச் சேர்த்தாகிவிட்டது. கம்பீரமாக, தன்னந்தனியாக, ஒரு ட்ரைபாட்.

அதன்மேல் இருக்கவேண்டிய கைப்பேசியில்தான் அதை எடுத்திருந்தார்.

“இதுல நான் எங்கண்ணே?”

“ட்ரைபாட் புதுசு மா. அதயும் காட்டணும்ல.”

மற்றவர்களின் கைப்பேசிகளைத் துழாவினோம். உதவி இணையை எடுத்திருந்தார், இணை உதவியை எடுத்திருந்தார். திரும்ப எடுக்கலாம் என்றபோது மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் முதல் அவளுக்கு நைட் ஷிஃப்ட்.

கலை இரவும் வந்தது. நல்லமுத்து இஸ்திரி போட்ட, பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் இலச்சினை சுழன்று நெருப்புக் கக்கியது. பிறகு கேமராவை எடுக்கும் கேமராவை எடுக்கும் கேமரா. பிறகு ட்ரைபாட்.

“எம்புள்ள எங்க?” என்று நல்லமுத்து என்னைக் கேட்டார்.

ஷாஹிரா அக்கா சொன்னதைச் செய்கிறவர். படத்தை நிறுத்தினார். வெறும் வெள்ளை வெளிச்சம் சுவரில் நின்றது. அணைக்கக் கை நீட்டினார். “அக்கா, அத மட்டும் விட்ருங்க” என்று சொல்லிவிட்டுத் தனுஜா அந்த வெளிச்சத்துக்குள் நடந்துபோனாள். காதில் கைப்பேசியை வைத்தாள்.

“அண்ணே, சாப்ட்டியா? ஒண்ணுமில்ல, ஒன் மோட்டர வித்துட்டேன்.”

சந்து சிரித்தது. சற்று நேரம் கழித்துச் சிரிக்கவில்லை. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது.

கைதட்டல் அடங்கியும் நல்லமுத்து எழவில்லை. அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“சனிக்கெழம எத்தன மணிக்கு?”

“பத்துக்குப்பா.”

“அப்ப எட்டுக்கே கெளம்பணும். பாலத்துல ஜாம் ஆவும்.”

ஜோனத்தன் அண்ணனைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இந்த முறை அவர் முதலிலிருந்து கடைசிவரை, கை நடுங்காமல், முழுதாக எடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் முடித்த முதல் படம் அதுதான். வீட்டுக்குப் போய் அதை அரை நிமிடமாக வெட்டி டீசராகப் போட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முதல் அத்தியாயம் எழுதுமுன் நன்றியுரை எழுதிவைத்த அந்த நாவல், மைக் வாங்கிப் பெயரும் சூட்டிய அந்த பாட்காஸ்ட், வாசித்துக் காட்டாமல் படம் மட்டும் பகிர்ந்த அந்த கித்தார், இவையெல்லாம் யார் வீட்டில் இருக்கின்றன? நான் கேட்கவில்லை. உங்கள் நண்பர்கள் கேட்கிறார்கள்.

தனுஜா சனிக்கிழமைகளில் ஷாஹிரா அக்காவின் குழுவில் நடிக்கிறாள். ஜோனத்தன் அண்ணன் பட்டர்வொர்த்தில் கல்யாண வீடியோ எடுக்கிறார். போன வருடத்து மணமக்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.