பத்து நாளாகப் புரியாத செவ்வகம்

"புரியல, டீச்சர்."

கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதே செவ்வகம், இதே நான்கு கட்டம், இன்றோடு பத்து நாள். தினமும் வினாத்தாளைக் கையில் எடுத்தவுடன் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கிவிடும். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? "எல்லாருக்கும் புரிஞ்சாத்தான் டெஸ்ட்" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

தலைமையாசிரியையோ காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு டெஸ்ட் வைக்கலேன்னா, நாளையிலேர்ந்து உங்க வகுப்பு மனப்பாட வாத்தியாருக்கு."

மனப்பாட வாத்தியார் எதையும் வரைந்து காட்டமாட்டார். நூறு தடவை எழுத வைப்பார். இந்தப் பிள்ளைகளை அவர் கையில் கொடுக்க டீச்சருக்கு மனசு வரவில்லை.

"எதும்மா புரியல?"

"எக்ஸ்னா எவ்வளவு, டீச்சர்?" என்று கண்ணாடி போட்ட பெண் பணிவாகக் கேட்டாள்.

"எவ்வளவு வேணாலும் இருக்கலாம்." டீச்சர் அட்டையை வெட்டி மேசைமேல் அடுக்கினார். பெரிய சதுரம், பக்கத்தில் மூன்று பட்டை, கீழே இரண்டு பட்டை, மூலையில் ஆறு குட்டிச் சதுரம். "நீளம் எக்ஸ் கூட்டல் மூணு. அகலம் எக்ஸ் கூட்டல் ரெண்டு. பரப்பு, எக்ஸ் ஸ்கொயர், அஞ்சு எக்ஸ், ஆறு. ஆச்சா?"

அவள் ஸ்கேலை வைத்து அளந்தாள். "எக்ஸ் பதினொரு சென்டிமீட்டர், டீச்சர்."

வகுப்பே அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு அளவில் ஒரு சதுரம் வெட்டினார். இப்போது பட்டைகள் குட்டையாக நின்றன. பட்டைகளையும் புதிதாக வெட்டப்போய் அட்டை தீர்ந்தது. வருகைப் பதிவேட்டின் மேலட்டை பலியானது.

"அப்போ முதல்ல வெட்டின எக்ஸ் தப்பா, டீச்சர்?"

வியர்த்துக் கொட்டியது. மின்விசிறியைப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அத்தனை துண்டும் அறையெங்கும் பறந்தன. டீச்சர் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார். ஒரு பட்டை மட்டும் ஜன்னல் வழியே போயே போய்விட்டது.

"இப்போ எக்ஸ் ஸ்கொயர், நாலு எக்ஸ், ஆறுதானே இருக்கு?" என்றாள் கண்ணாடிப் பெண். "இதைச் செவ்வகமா அடுக்கவே முடியாதே. அதான் புரியல."

டீச்சருக்கு அழுகை முட்டியது. புடவையெல்லாம் தூசி. மணி அடிக்க ஐந்து நிமிடம்கூட இல்லை.

"நான் தோத்துட்டேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல," என்று நாற்காலியில் சாய்ந்தார்.

முந்தின நாள்தான் பள்ளியில் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, முதல் பெஞ்சிலிருந்து தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"டீச்சர், இன்னைக்குப் புரியாம இருக்கறது இவ முறை, எனக்கு வியாழக்கிழமைன்னு சொன்னாங்க. அன்னைக்கு நான் எது புரியலைன்னு கேக்கணும்?"