காதுகுத்துக்கு வராத துப்பாக்கி

"லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற வீட்டைப் பூட்டிட்டுப் போறது ரொம்பத் தப்பு, பவுனு. நீயும் பிள்ளையும் போயிட்டு வாங்க."

பேசுவது எங்க அப்பா ஈஸ்வரபாண்டி. மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை செருமிவிட்டுச் சொன்னால் அப்படியே அவர் குரல். நான் சொல்லிக் காட்டினால் எங்க நாய் எழுந்து நிற்கும்.

வாழைத்தோப்பில் பன்றி விரட்ட வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. அப்பா ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. துடைப்பதோடு சரி. ஞாயிறானால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார். 'சர்ர்ர்... கிணிங்!' பன்றிகள் வாழையைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போகும்.

ஆனால் அம்மா வீட்டு விசேஷம் ஒவ்வொன்றையும் அந்தத் துப்பாக்கி சுட்டுத் தள்ளியிருக்கிறது. அம்மா பிறந்த ஊரான லோயர் கேம்ப்பில் மாமன்மார் மூன்று பேர். "மச்சான், எத்தன பன்னி விழுந்துச்சு?" என்று பந்தியில் வைத்துக் கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் அப்பா வீட்டைக் காப்பார். ஒவ்வொரு விசேஷத்திலும் தனியாகப் போய் நின்று அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

இப்போது பவானி சித்தி மகளுக்குக் காதுகுத்து. தேதி விழுந்ததோ தேர்தல் நேரத்தில்.

"ஏங்க, எலெக்‌ஷன் வந்துருச்சே. துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாகளே?"

"எனக்கு விலக்குக் குடுத்துட்டாக. பன்னித் தொல்லை கூடிப்போச்சுல்ல? ஒரு அவசரம்னா கையில இருக்கட்டும்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு."

"அப்படியா?" என்றாள் அம்மா. ஊரில் எல்லாக் குரலும் எனக்கு வரும். அம்மாவின் இந்த 'அப்படியா' மட்டும் இன்னும் வரவில்லை.

ஞாயிறு வந்தது. கதவு சாத்திக்கொண்டது. சத்தம் மட்டும் மாறியிருந்தது. 'சொரக்... சொரக்... டொப்பு!'

இரும்பு இப்படிப் பேசாதே! எனக்கு ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. சாவித்துளையில் கண்ணை வைத்தேன். அப்பாவின் முதுகு. மூக்கை வைத்தேன். தேங்காய் எண்ணெய்! துப்பாக்கிக்கென்று மதுரையில் வாங்கிய எண்ணெய் என்ன ஆச்சு? காதை வைத்தேன். மறுபடியும் 'டொப்பு'.

அடுப்படிக்குப் போய் அந்தச் சத்தத்தை அம்மாவுக்குச் செய்துகாட்டினேன்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "ஏத்தா, நீ பன்னி மாதிரி உறுமுவியே, அது எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

சாயங்காலம் வாசலை ஒட்டிய வாழைக்குள் குனிந்து உட்கார்ந்தேன். 'க்ர்ர்ர்... ஹுங்க்! ஹுங்க்!' ஒரு தாய்ப்பன்றி, நாலு குட்டி. எல்லாம் நானே.

பக்கத்துத் தோப்புப் பிச்சைமணி சித்தப்பா மண்வெட்டியோடு எங்க வாசலுக்கு ஓடிவந்தார். "அண்ணே! பன்னிக் கூட்டம்! துப்பாக்கிய எடுங்கண்ணே!"

"அது... இப்பத்தான் எண்ணெ போட்டேன். காய வேணாமா?"

"காயவா? அவசரத்துக்குன்னுதான இன்ஸ்பெக்டரு விட்டு வச்சிருக்காக!" என்று அம்மாவே உறையோடு தூக்கிவந்து நீட்டினாள்.

அப்பா கை நீட்டவில்லை. சித்தப்பா ஜிப்பை இழுத்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த ஒரு பிவிசி பைப் பளபளவென்று வெளியே வந்தது. முனையில் மூடிவேறு.

"அண்ணே, இதுல தண்ணிதான வரும்?"

வாழைக்குள் பன்றிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்பா தரையைப் பார்த்தார். "துப்பாக்கி ஸ்டேஷன்லதான் இருக்கு, பவுனு. போன வாரமே குடுத்துட்டேன்."

"அட, அங்கனயா இருக்கு? அப்பப் பத்திரம். நாம வீட்டைப் பூட்டலாம்."

காதுகுத்துப் பந்தியில் மாமன்மார் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பைப்பை மரியாதையாக வைத்திருந்தார்கள். யார் சொன்னார்களோ! நான்தான்.

தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கப் போனபோது அம்மாவும் கூடவே வந்தாள். அப்பா அதைக் கைக்குழந்தைபோல் வாங்கித் தடவிக்கொண்டே, "இனிமே எங்கனயும் அசைய மாட்டேன்" என்றார்.

அம்மா ஏட்டய்யா பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அடுத்த எலெக்‌ஷன் எப்ப வருது? எங்க அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சத் தேதி குறிக்கணும்."