இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரு படிக்கட்டு

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்பதால் பெயர் வேண்டாம், ஆற்றோரமாக இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. ஐப்பசி மழையில் ஆறு வீட்டுக்குள் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும். அந்த இரண்டு நாளும் எல்லோரும் ஏணி வைத்துப் பரணில் ஏறிக்கொள்வார்கள்.

ஒரு வருடம் ஆமை ஒன்று ஏணியிலிருந்து விழுந்தது. வெள்ளத்தில் ஆமைக்கு ஏணி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சட்டம்தான் வந்தது. இனி ஏணி கூடாது, பரணுக்குப் படிக்கட்டுதான். படிகள் எல்லாம் ஒரே உயரம், ஏறும்போது தலை இடிக்கக் கூடாது, பக்கத்தில் கைப்பிடி கட்டாயம். கையே இல்லாத சாரைப்பாம்பு வீட்டுக்கும் கைப்பிடி கட்டாயம். மீறினால் பரணுக்குச் சீல்.

சட்டம் வந்தது ஆடியில். முயல் பூங்காவனம் மட்டும் அந்த வாரமே மரங்கொத்தி ஆசாரியைக் கூப்பிட்டு, அளவு பிசகாமல் ஒரு படிக்கட்டு செய்து வாங்கினாள். மேலே இரண்டு கொக்கி, மாட்டலாம், கழற்றலாம். மற்றவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஐப்பசி பிறந்து, சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் ஆசாரியிடம் ஓடினார்கள். அவர் ஒரு படிக்கட்டுக்கு ஒரு மாதம் கேட்டார்.

அப்புறம் என்ன, பூங்காவனத்தின் படிக்கட்டு ஊர் சுற்றக் கிளம்பியது. ஒரு வீட்டில் அதிகாரிக்கு டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். படிக்கட்டு பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அதிகாரி ஓர் உடும்பு, பெயர் தணிகாசலம். செங்குத்துச் சுவரில் சாதாரணமாக நடப்பவர், பிறந்ததிலிருந்து ஒரு படி ஏறியதில்லை. ஒன்பதாவது வீடான நரி வீட்டில் டேப்பைப் பிடித்தபடி யோசித்தார்.

"எல்லா வீட்டுலயும் மூணாவது படியையே எலி கடிச்சிருக்கே?"

"எங்க ஊர் எலி அப்படித்தான் சார்," என்றது நரி.

அதையும் குறித்துக்கொண்டார். சான்றிதழ் கொடுத்த கையோடு, பழைய ஏணியைத் தன் கண்ணெதிரிலேயே உடைத்துப் போடச் சொன்னார். எல்லா வீட்டிலும் உடைத்தார்கள்.

கடைசி வீடு கீரி செவ்வந்தியுடையது. குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான்கும் இன்னும் கண் திறக்கவில்லை. பரணுக்குச் சீல் விழுந்தால் குட்டிகள் தண்ணீரோடு போய்விடும் என்ற பயத்தில் அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, பாவம். படிக்கட்டு வந்து சேர்ந்தது, கொக்கி மாட்டியது, தணிகாசலம் கையெழுத்துப் போட்டார், ஏணி உடைந்தது. அந்த நேரம் பார்த்து ஆறும் வந்தது.

ஊரில் இப்போது இருபத்திரண்டு சான்றிதழ், ஒரே ஒரு படிக்கட்டு. மொத்த ஊரும் செவ்வந்தி வீட்டுக்கு ஓடி வந்தது. அவள் குட்டிகளை மேலே வைத்துவிட்டு, யாரையும் வேண்டாம் என்று சொல்லாமல் ஏற்றிக்கொண்டாள். அதிகாரியும் சட்டப்படி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எட்டுப் பேர் மட்டுமே கொள்ளும் பரணில் நாற்பத்து மூன்று பேர். சாரைப்பாம்பும் செவ்வந்தியும் இரண்டு நாள் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் மட்டும் தகராறு. படிக்கட்டு அசையவில்லை, ஓர் உயிர் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தணிகாசலம் முதல் ஆளாக இறங்கி எழுத ஆரம்பித்தார். இருபத்தொரு வீடுகளில் படிக்கட்டில் ஒரு விபத்துகூட இல்லை, ஆகவே அவை 'பாதுகாப்பான வீடு'. வாசலில் பலகை மாட்டலாம். செவ்வந்தி வீட்டில் அளவுக்கு மீறிய கூட்டம். பரணுக்குச் சீல், படிக்கட்டு சாட்சிப் பொருள், அதுவும் சீல் வைத்த பரணுக்கு உள்ளே.

பூங்காவனம் அது தன்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் தன் வீட்டுச் சான்றிதழ் போய்விடும் என்று தோன்றியது. மூடிக்கொண்டாள். மற்றவர்கள் வானம் வெளுத்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"அடுத்த வெள்ளத்துக்கு எம் புள்ளைங்கள எங்க சார் கொண்டுபோய் வைப்பேன்?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"என்னம்மா இப்படிக் கேக்குற," என்றார் தணிகாசலம் கனிவாக. "பாதுகாப்பான பரண் இருபத்தொண்ணு இருக்கு. ஏதாவது ஒண்ணுல ஏறிக்கோ."

நீதி: இல்லாத படிக்கட்டிலிருந்து யாரும் விழுவதில்லை. எனவே சான்றிதழை உங்கள் வீட்டில் மாட்டுங்கள். படிக்கட்டை, இளகிய மனசு உள்ளவர் வீட்டில் மாட்டுங்கள்.